எட்டடிக் கோடு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நிதானம் கெட்டதும் அப்படித்தான். "டிவி மங்கிப்போச்சு" என்று சொன்னது அவருடைய வாய். அதுவும் ஒரு தடவையா, இரண்டு தடவையா? மூன்று மாதமாக, வாரத்துக்கு நாலு முறை.

நிதானம் என்பது பணிமனையில் வைத்த பெயர். இருபத்துமூன்று வருடமாகப் பதினேழாம் எண் பேருந்தை ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஏறுகிறவரின் இரண்டு காலும் படிக்கு மேலே வந்த பிறகுதான் வண்டி நகரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். அவர் பக்கக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வார். இந்த ஆறேழு மாதமாக அந்த நிதானம் இன்னும் கூடிவிட்டது என்று பணிமனையில் பேச்சு. "வயசாக வயசாக ஆளு தங்கமா ஆயிட்டாருய்யா" என்றார் மேலாளர். தங்கம் ஏன் மெதுவாகப் போகிறது என்பது தங்கத்துக்கு மட்டும்தான் தெரியும்.

கண் தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் பஞ்சுபோலப் பிய்ந்து விரிந்தன. முன்கண்ணாடியைத் துடைத்தார். வைப்பரை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தார். பிறகு நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகங்கள் அழிந்தன. முன்னால் போகும் வண்டியின் எண் அழிந்தது. சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் தெரியாவிட்டாலும் இடம் தெரியும். முன்னால் நிற்கிறவன் நகர்ந்தால் தானும் நகர்வது. நிறுத்தங்கள் எல்லாம் உடம்புக்கே தெரியும்.

வருடாந்தர சோதனை வந்தது. மருத்துவ அறைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை பணிமனை ஓட்டுநர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். பலகையை மாற்றிப் பத்து வருடம் இருக்கும். முதல் ஆள் வெளியே வந்து அடுத்த ஆளிடம் கடைசி வரியை ஒப்பித்துக் காட்டுவது அங்கே ஒரு விளையாட்டு. நிதானமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். "கழுகுக் கண்ணுய்யா உனக்கு" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது, தப்பித்தோமா மாட்டிக்கொண்டோமா என்று அவருக்குப் புரியவில்லை.

கண் டாக்டரிடம் போனால் காகிதம் வரும். காகிதம் வந்தால் ஸ்டியரிங் போகும். போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஷெட்டு வாசலில் ஒரு ஸ்டூல், சுவரில் ஆணி ஆணியாகச் சாவிகள், எடுத்துக் கொடுத்து வாங்கி மாட்டுகிற வேலை. நேற்றுவரை "அண்ணே" என்றவன் இன்றைக்கு "சாவி" என்று கையை மட்டும் நீட்டுவான்.

ஆக, வெளியே எல்லாவற்றையும் சமாளித்துவிட்டார். வீட்டில்தான் சறுக்கியது. நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக டிவி பக்கம் நகர்த்திக்கொண்டே போனதை மனைவி கவனித்துவிட்டாள்.

"என்னங்க, விட்டா உள்ள போயி செய்தி வாசிப்பீங்க போலிருக்கே."

"டிவி மங்கிப்போச்சும்மா. உனக்குத் தெரியலையா?"

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அவள் கைவழியாகப் போகும். ஒரு தையல் விட்டிருந்தால், காலரில் நூலளவு கோணல் இருந்தால், தூக்கிப் போட்டுவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணுக்கு டிவியில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் இருபத்துமூன்று வருடம் ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷன் சொல்கிறாரே! "தினம் பாக்குறதால எனக்குப் பழகிருச்சு போல" என்று விட்டுவிட்டாள்.

அதற்கு மேல் கெடுத்தது மச்சான். மனைவியின் தம்பி, அதே பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டியை யார் எத்தனை மணிக்கு எடுப்பது என்று பதிவேட்டில் எழுதுகிறவன் அவன்தான். தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவனுடைய நம்பிக்கை. டிவியின் முதுகைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். "பேனல் போச்சு அத்தான். இனிமே இதுக்கு வைத்தியம் பாக்குறது செத்தவனுக்கு சத்து மாத்திர குடுக்குற மாதிரி" என்றான். பாவம், அந்த டிவி ஒரு குற்றமும் செய்யவில்லை.

இப்படியாக, ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்று பேரும் டிவிக் கடையில் நின்றார்கள். நிதானத்துக்கு இரண்டு மணிக்கு வண்டி. சீருடைச் சட்டையை மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தார்.

கடையின் ஒரு சுவர் முழுக்க டிவி. சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஏறுவரிசையில் மாட்டியிருந்தார்கள். நாற்பது செய்தி வாசிப்பாளர்கள் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூடினார்கள். நிதானத்துக்கு அது நாற்பது வெளிச்சச் சதுரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

கடைக்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஐம்பது வயதிருக்கும், பேச்சில் அவசரமில்லை. "என்ன சைஸ்ல பாக்குறீங்க?"

"முப்பத்திரண்டு" என்றாள் மனைவி.

"அம்பது" என்றார் நிதானம்.

"ஆகா, வாசல்லயே பஞ்சாயத்து" என்றான் மச்சான்.

"அம்பதா? நம்ம வீட்டு சுவரு அகலம் தெரியுமா உங்களுக்கு? டிவிய வச்சிட்டு நாம வெளிய நிக்கணும்."

"பெருசா இருந்தா நல்லா இருக்கும்ல."

"எதுக்கு?"

கடைக்காரர் இதைப்போல ஆயிரம் குடும்பத்தைப் பார்த்தவர். "ரெண்டு பேருக்கும் நடுவுல நாப்பத்துமூணு இருக்கு. இஞ்சுங்கிறது குறுக்கால மூலைக்கு மூலை அளக்குறது, அகலம்னு நினைச்சு பயப்படாதீங்க" என்று நாடாவை விரித்துக் காட்டினார். நாற்பத்துமூன்றின் அகலம் மூன்றேகால் அடிக்குள் அடங்கியது. மனைவி மனத்துக்குள் தன் வீட்டுச் சுவரில் அதை ஒட்டிப் பார்த்தாள். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே சரியாக உட்காரும். விலையும் கைக்குள் நிற்கிறது.

அதன் பிறகு அவள் வேலையை ஆரம்பித்தாள். படம் கறுப்பாகும்போது நாலு மூலையையும் பார்த்தாள். வெள்ளையாகும்போது புள்ளி இருக்கிறதா என்று வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள். "இதுல வலது கீழ் மூலை வெளுத்திருக்கு. அடுத்தத காட்டுங்க."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "அம்மா, பதினஞ்சு வருஷமா நான் இங்க நிக்கிறேன். இத எனக்கே காட்டிக் குடுத்த முதல் ஆளு நீங்கதான்."

"எங்கக்கா கண்ணுல இருந்து எதுவும் தப்பாது" என்றான் மச்சான். "கல்யாணத்தன்னிக்கே அத்தான் சட்டையில பட்டன் மாத்தித் தச்சிருக்குன்னு கண்டுபிடிச்ச ஆளு."

நிதானம் சிரித்தார். பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

இரண்டு டிவி மிச்சமாயின, இரண்டும் நாற்பத்துமூன்று. "வீட்டுல நாற்காலிக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எட்டடி" என்றாள் மனைவி.

தரையில் மஞ்சள் டேப்பால் கோடுகள் ஒட்டியிருந்தன. ஆறடி, எட்டடி, பத்தடி. "சார், எட்டடிக் கோட்டுல வந்து நில்லுங்க. கீழ செய்தி ஓடுதுல்ல, அத வாசிச்சுப் பாருங்க. சிரமமில்லாம வாசிக்க முடிஞ்சா இந்த சைஸ் உங்களுக்குப் போதும். இல்லன்னா நானே அம்பது எடுங்கன்னு சொல்லிடுவேன்."

கோட்டின்மேல் போய் நிற்கும்போது நிதானத்துக்கு மருத்துவ அறை ஞாபகம் வந்தது. ஆனால் இந்தப் பலகையை யாரும் வெளியே வந்து ஒப்பிக்கவில்லை. டிவியின் அடியில் ஒரு சிவப்புப் பட்டை; அதில் வெள்ளையாக ஏதோ நெளிந்து போயிற்று. எழுத்து என்று சொன்னால் எழுத்து. எறும்பு என்று சொன்னாலும் நம்பலாம்.

"வாசிங்க சார்."

"இருங்க, ஓடட்டும்."

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படிப்பான். கடைப் பலகை, லாரியின் முதுகு, மருந்துச் சீட்டு, எதையும் விடமாட்டான். நாலு டிவி தள்ளி நின்று விலையட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தவன், அங்கே ஓடிய செய்தியையும் படித்தான்: "குடிநீர்க் குழாய் சீரமைப்பு, வடக்குப் பகுதியில் இரண்டு நாள் தண்ணீர் வராது... அக்கா, நமக்கு இல்ல, தெற்கு தப்பிச்சுச்சு!"

எல்லா டிவியிலும் ஒரே வாசிப்பாளர், ஒரே சானல். வேறென்ன வேண்டும்? நிதானம் கழுத்தை நிமிர்த்தி, கண்ணைச் சிவப்புப் பட்டையில் நட்டு, பதினேழாம் எண் வண்டியின் நிறுத்தங்களைச் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார்: "குடிநீர்க் குழாய் சீரமைப்பு. வடக்குப் பகுதியில் இரண்டு நாள் தண்ணீர் வராது. போதுமா?"

கடைக்காரர் டிவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சார்... இதுல இப்ப பள்ளிக்கூடத் தேர்வுல்ல ஓடுது."

"ஆங்?"

"இந்த ரெண்டு டிவி மட்டும் இன்டர்நெட்ல ஓடுது. மத்ததெல்லாம் கேபிள். இது அரை நிமிஷம் பின்னாடி வரும். நீங்க சொன்ன செய்தி இதுல இனிமேதான் வரணும்."

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான்! செய்தி வர்றதுக்கு முன்னாடியே வாசிக்கிறீங்களே! டிவிய விடுங்க, ஒரு ஜோசியக் கடை போட்டுடலாம்."

நிதானமும் சிரிக்கப் பார்த்தார். அப்போது கடைக்காரர் சொன்ன அரை நிமிடம் முடிந்து, குடிநீர்க் குழாய் அந்த டிவிக்குள் வந்து சேர்ந்தது. அது வந்தது அவருக்குத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்தது. டிவியைப் பார்த்த அவள் முகம் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வை எதற்கானது என்று அவருக்குத் தெரியும். தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை.

"அவரு பக்கத்து டிவியப் பாத்து வாசிச்சிருக்காரு" என்றாள் அவள், கடைக்காரரிடம். குரல் சாதாரணமாக இருந்தது. "தம்பி, நீ போயி சுவத்துல மாட்டுற ஸ்டாண்டு என்ன விலைன்னு கேட்டுட்டு வா. சும்மா கேக்காத, குறைச்சுக் கேளு."

"அத எங்கிட்ட விடு" என்று மச்சான் கடையின் மறுகோடிக்குப் போனான். கடைக்காரர் அரிசியிலிருந்து கல்லைப் பிரிக்கத் தெரிந்தவர். வேறு யாரோ கூப்பிட்டதுபோல நகர்ந்துகொண்டார்.

அவள் அவர் பக்கத்தில், அதே கோட்டின்மேல் வந்து நின்றாள்.

"இப்ப வாசிக்கிற பொண்ணு என்ன கலர்ல போட்டிருக்கா?"

"நீலம்."

"ஆம்பளைங்க அது."

நாற்பது வாய்களும் திறந்து மூடின.

"எத்தன நாளா?"

"மழைக்காலத்துல இருந்து."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "அப்ப நம்ம வீட்டு டிவிக்கு ஒண்ணுமே இல்ல."

"இல்ல."

"நான் என் கண்ணுதான் மழுங்கிப் போச்சோன்னு பயந்துட்டு இருந்தேங்க. தொழிற்சாலையில எல்லா சட்டையையும் ரெண்டு தடவ பாத்தேன். சூப்பர்வைசர் ஏச்சு வாங்கினேன்." கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னிக்கு ரெண்டு மணிக்கு வண்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"எடுக்கப் போறீங்களா?"

"ரூட்டு எனக்கு மனப்பாடம்மா. கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"அதத்தாங்க ஓட்டிட்டு இருக்கீங்க."

நிதானத்துக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளாமல் மூன்று நாளாகத் தள்ளி வைத்திருந்தார். பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே ஓரமாக ஒரு கம்பம் இருக்கும். எப்போதும் அதை ஒட்டித்தான் திருப்புவார். புதனன்றும் கம்பத்தைப் பார்த்து ஒட்டித் திருப்பினார். கம்பம் நகர்ந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஆள். நடத்துநர் அலறியதும் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. அந்த ஆள் கையால் தட்டினால் வண்டியின் தகரத்தில் சத்தம் கேட்டிருக்கும், அவ்வளவு நெருக்கம். "குறுக்க வந்துட்டான்" என்றார் நடத்துநரிடம். "நீங்களா இருக்கப்போய்ப் பொழச்சான்" என்றார் நடத்துநர். வண்டியிலிருந்த எல்லாரும் அந்த ஆளைத்தான் திட்டினார்கள்.

இதை அவர் அவளிடம் சொன்னார். கோட்டின்மேல் நின்றபடியே, டிவியைப் பார்த்தபடியே சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். சீருடை இருந்த பை.

"வண்டி போயிடும்" என்றார் அவர். எந்த வண்டி என்று சொல்லவில்லை.

"போகட்டும்."

"ஸ்டூல்ல உக்கார வச்சிருவாங்க. சாவி எடுத்துக் குடுக்க."

"சாவி எடுத்துக் குடுத்து யாரும் செத்ததில்ல."

"உனக்குத் தெரியாது. நேத்து வந்த பயலுங்க எல்லாம்..."

"எனக்குத் தெரியாதுதான். எதையுமே எங்கிட்ட சொல்லலையே, எப்படித் தெரியும்?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நான் சொல்ல மாட்டேங்க, என் தம்பிகிட்ட. சொன்னா ஒரு நிமிஷத்துல உங்க பேர அடிச்சிருவான். ஆனா பொண்டாட்டி வந்து நிறுத்துனான்னு ஆயிடும். அது வேணாம். நீங்களே சொல்லுங்க. சொல்லலைன்னா, நானும் ரெண்டு மணி வண்டியில ஏறுவேன். உங்க பின்னாடி முத சீட்டுல உக்காருவேன். என்ன ஆனாலும் ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஆகட்டும்."

அவள் சொன்னால் செய்வாள். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

மச்சான் வெற்றியோடு திரும்பி வந்தான். "ஸ்டாண்டு இலவசம்! நான் பேசின பேச்சுல கவுண்டர்ல இருந்தவன் அழுதுட்டான். என்ன, எது முடிவாச்சு?"

"மச்சான்" என்றார் நிதானம். "ரெண்டு மணி வண்டிக்கு வேற ஆளப் போடு."

"ஏன், டிவிய மாட்டிட்டு வர்றீங்களா? நாளைக்கு மாட்டலாம் அத்தான். இன்னிக்கு ஆளே இல்ல."

"எனக்குக் கண்ணு தெரியல."

மச்சான் அடுத்த நகைச்சுவைக்காக வாயைத் திறந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் தோளிலிருந்த பையைப் பார்த்தான். ஸ்டாண்டுக்கு எழுதி வாங்கிய சீட்டைப் படித்துக் காட்டாமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அந்த வீட்டார் யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"தினமும் நான்தான அத்தான் உங்க பேர எழுதினேன்" என்றான் கடைசியில். "என் கையெழுத்துல. பதினேழுக்கு நேரா."

"உனக்கென்ன தெரியும்?"

"தெரிஞ்சிருக்கணும். வண்டி ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் லேட்டா வந்துச்சு. ட்ராபிக்குன்னு நானே எழுதிக்கிட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டே செல்போனை எடுத்தான். பணிமனைக்குக் கூப்பிட்டு, விடுப்பிலிருந்த ஓட்டுநர் ஒருவரை வரவழைக்கச் சொன்னான். பிறகு கையால் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். "காரணம் போட்டாகணும் அத்தான். காய்ச்சல்னு சொல்லிடட்டா? மூணு நாள் ஓடும். அதுக்குள்ள டாக்டரப் பாத்துட்டு, நல்லா இருந்தா திங்க, செவ்வாய்ல நீங்க பாட்டுக்கு வந்து... யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

நல்ல யோசனை. யாருக்கும் கெடுதலில்லாத பொய். மனைவியின் பார்வை டிவியில் இருந்தது, காது இவர்கள் பேச்சில் இருந்தது. காய்ச்சல் என்றால் மூன்று நாள். மூன்று நாளில் அந்தப் பஞ்சு விலகப் போவதில்லை. நாலாம் நாள் காலையில் அவர் மறுபடி இருக்கையில் ஏறி உட்காருவார். கை தானாகச் சாவியைத் திருப்பும். தன்னை அவருக்குத் தெரியும்.

"கண்ணுன்னு எழுதச் சொல்லு."

"அத்தான், எழுதிட்டா எழுதினதுதான். அழிக்க முடியாது."

"அதனாலதான் சொல்றேன்."

மச்சான் போனில் இருந்த கையை எடுத்தான். "கண் பார்வைக் குறைவு" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "ஆமா. பதினேழுதான். ஆமா, அவருதான்" என்றான்.

கடைக்காரர் பில் புத்தகத்தோடு வந்து தயங்கி நின்றார். "அம்மா, எது போடட்டும்?"

"இன்னிக்கு ஒண்ணும் வேணாங்க. மன்னிச்சுக்கங்க, காலையில இருந்து உங்க நேரத்தக் கெடுத்துட்டோம்."

"பரவால்லம்மா. ஸ்டாண்டு இலவசம்னு உங்க தம்பி எழுதி வாங்கிருக்காரு, அது அப்படியே இருக்கும்."

"பக்கத்துல கண் டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"எதிர்ச்சாரியில ஒருத்தர் இருக்காரு. சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும்தான் பாப்பாரு."

அவள் சுவரில் கடிகாரம் தேடினாள். பன்னிரண்டே கால். நிதானத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடையின் குளிரிலிருந்து வெளியே வந்ததும் வெயில் ஒரேயடியாக வெள்ளையாக விழுந்தது. தெரு எங்கே முடிகிறது, வண்டிகள் எங்கே ஆரம்பிக்கின்றன என்றே அவருக்குத் தெரியவில்லை. நடைபாதை விளிம்பில் காலால் தடவி நின்றார்.

"இருங்க" என்றாள் அவள், இரண்டு பக்கமும் வண்டிகளைப் பார்த்தபடி. "வரலாம்னு நான் இன்னும் சொல்லல."